மூளையிற் கண்ட கட்டியும் ஏட்டில் எழுதிய கணக்கும்

"எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம்" என்பது நம் மக்கள் வாயில் நெடுநாளாய் வழங்கிவரும் பழமொழி. சிரசு அத்துணைச் சிறப்புப் பெற்றது அதனுள் உறையும் மூளையாலேயாம். ஒன்றரைக் கிலோவிற்குச் சற்றுக் குறைந்த நிறையுடைய இவ்வுறுப்பு, உடம்பு முழுவதும் செலவிடும் ஒட்சிசனில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கைத் தான் ஒன்றே செலவிடுகின்றது. மருத்துவனின் கத்தி துணிந்து புகத் தயங்கிய இடங்களுள்ளும் இதுவே முதன்மையானது.

அத்தயக்கம் நீங்கிய வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. சென்னையில் வாழ்ந்த நரம்பியல் அறிஞர் பா. இராமமூர்த்தி அவர்கள் மூளைக் கட்டிகளையும், மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய்களின் நோயையும் குறித்துச் செய்த ஆராய்ச்சியே இக்கட்டுரையின் பொருள். அவருடைய கைவன்மையைப் புகழ்வது மட்டும் நம் நோக்கமன்று. தம் கண்முன் வந்த நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு, மேனாட்டு நூல்கள் கூறாத உண்மையை அவர் கண்டவாற்றையும், அத்தகைய கணக்கு எங்கே குறைபடக்கூடும் என்பதையும் அறிதலே நோக்கம். அக்குறை சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழும் நம்மவரையும் தொடுவதாதலின், இம்மலரில் இதனை எழுதத் துணிந்தேன்.

மூடிய பெட்டியின் இயல்பு

மண்டையோடு எலும்பாலாய பெட்டி. வயிற்றிற் கட்டி வளர்ந்தால் வயிறு பெருத்து இடங்கொடுக்கும். மண்டையோடு அங்ஙனம் விரிந்து கொடாது. ஆதலால் அதனுள் வளர்வது எதுவாயினும் மூளையை நெருக்கும். காலையில் மிகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்குதல், கைகால் சோர்தல், வலிப்பு ஆகியன அந்நெருக்கத்தின் அறிகுறிகள். இவ்வறிகுறிகளால் உள்ளே தீங்கு உண்டென்பது தெரியும். எவ்விடத்தில் உண்டென்பதே பெரிய வினா.

இரத்தினபுரியில் மாணிக்கக் குழி தோண்டுவோர் இவ்வினாவின் அருமையை அறிவர். இல்லம் எனப்படும் பரற்படை எங்கே கிடக்கின்றது என்பதை அறியாது தோண்டினால் பொருளும் உழைப்பும் வீணாம். ஆயினும் அவர்கள் வீண்குழியை மூடிவிட்டு வேறிடத்தில் தோண்டலாம். மூளையில் அவ்வாறு செய்தல் இயலாது. பிழையாகத் தோண்டிய இடத்தில் ஒருவனுடைய பேச்சோ நடையோ நினைவோ அழிந்துபோகும்.

1884ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் இலண்டன் மாநகரில் கொட்லீ என்னும் சத்திர சிகிச்சையாளர் ஓர் இளைஞனின் மூளையினுள் வளர்ந்த கட்டியை அகற்றினார். அக்கட்டி இருக்குமிடத்தை, நோயாளியின் கைகால் இழுப்பையும் சோர்வையும் மட்டுமே கொண்டு பென்னற் என்னும் மருத்துவர் முன்கூட்டியே உரைத்திருந்தார். உரைத்த இடத்திலேயே கட்டி இருந்தது. எனினும், நோயாளி நான்கு வாரங்களிற் கிருமித்தொற்றால் இறந்தார்.

பின்னர் அமெரிக்க நாட்டில் ஹார்வி குஷிங் (1869–1939) இத்துறையைத் தனிக்கலையாக வளர்த்தார். இரத்தக்குழாயைக் கௌவி அடைக்கும் சிறு வெள்ளிக் கௌவியை 1911இலும், மின்னோட்டத்தாற் சுட்டு இரத்தத்தை நிறுத்தும் முறையை 1926இலும் அவர் கையாண்டார். அகற்றிய கட்டியையும் நோயாளியின் வரலாற்றையும் ஒருங்கே பேணி, இரண்டாயிரம் கட்டிகளைப் பற்றிய தம் கணக்கை 1932இல் நூலாக வெளியிட்டார். அவர் காலத்தவரான வால்டர் டான்டி 1918இல் மூளையின் உள்ளறைகளிற் காற்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் பிடித்தார். போர்த்துக்கல் நாட்டு எகாஸ் மொனிஸ் 1927இல், எக்ஸ் கதிர்ப் படத்தில் தெரியும் மருந்தைக் கழுத்து நாடியிற் செலுத்தி, மூளையின் இரத்தக்குழாய்களைப் படத்திற் காட்டினார். குழி தோண்டுமுன் நிலத்தின் உள்ளைக் காணும் வழி இவ்வாறு பிறந்தது.

சீர்காழியிலிருந்து சென்னைக்கு

திருஞானசம்பந்தப் பெருமான் அவதரித்த சீர்காழியில் 1922ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இராமமூர்த்தி பிறந்தார். தந்தையாரும் மருத்துவரே. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற இராமமூர்த்தி, 1947இல் எடின்பரோ நகரிற் சத்திர சிகிச்சைக்கான உயர் பட்டம் பெற்றார். தலைக்காயச் சிகிச்சையிற் பெயர்பெற்ற றோபோதம் என்பாரிடம் நியூகாசில் நகரிற் பயிற்சி பெற்றபின், கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்ட் செய்துவந்த பணியையும் கண்டார். பென்ஃபீல்ட், நோயாளி விழித்திருக்கும்போதே அவருடைய மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, எவ்விடம் கையை அசைக்கும், எவ்விடம் பேச்சைத் தரும் என்பவற்றைக் குறித்து வந்தவர். மூளை தனக்கு நேரும் வலியைத் தான் உணராதாகலின் இது கூடுவதாயிற்று.

1949இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் பென்ஃபீல்டின் மாணவரான யாக்கோபு சாண்டி இந்தியாவின் முதலாவது மூளைச் சத்திர சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டாகிய 1950இல் சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் இராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் பல்தேவ் சிங், எஸ். டி. நரசிம்மன் ஆகிய இருவருடன் கூடி இந்திய நரம்பியற் கழகத்தை நிறுவினர். உபகண்டம் முழுமைக்குமான இக்கழகத்தை நிறுவியோர் நால்வரே என்பது கருதத்தக்கது.

ஈழநாட்டில் 1956ஆம் ஆண்டு கொழும்புப் பொது மருத்துவமனையில் ஷெல்டன் கப்ரால் அவர்களால் இத்துறை தொடங்கப் பெற்றது.

நூலில் இல்லாத கட்டி

இனி ஆராய்ச்சியின் உள்ளே புகுவோம். மேனாட்டு நூல்களிற் பயின்ற மருத்துவன் ஒருவன், மூளையிற் கட்டி என்றவுடன் மூளையின் சொந்த உயிரணுக்கள் மிகைத்து வளர்ந்த கட்டியையோ, மூளையைப் போர்த்த சவ்வில் வளர்ந்த கட்டியையோ எதிர்பார்ப்பான். குஷிங்கின் பெருங்கணக்கிற் காசநோயால் உண்டான கட்டிகள் மிகச் சிலவே. சென்னை மருத்துவமனைக்கு வந்த ஏழை மக்களின் மண்டையோட்டைத் திறந்தபோதோ கண்ட காட்சி வேறு. 1950களிலும் 1960களிலும் இந்திய மருத்துவமனைகளிற் கண்ட மூளைக் கட்டிகளுள் ஐந்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் காசநோய்க் கட்டிகளாகவே இருந்தன. நுரையீரலிற் குடிகொண்ட கிருமி இரத்த வழியே சென்று மூளையிற் தங்கி, பாலாடைக்கட்டி போன்ற உள்ளீடும் தடித்த மேலுறையும் உடைய கட்டியாக வளர்ந்திருந்தது. சிறாரும் இளைஞருமே இதற்குப் பெரிதும் ஆளாயினர்.

இவ்வேறுபாடு வெறும் பெயர் வேறுபாடன்று. நோயாளியின் விதியையே மாற்றுவது. முற்காலத்திற் காசநோய்க் கட்டியை அகற்றினால் கிருமி மூளைச் சவ்வெங்கும் பரவி உயிரைக் கொல்லும் என அஞ்சினர். ஸ்ரெப்ரோமைசின் 1943இற் கண்டுபிடிக்கப்பட்டதும், ஐசோனயசிட் 1952இற் பயன்பாட்டிற்கு வந்ததும் அவ்வச்சத்தைத் தணித்தன. மருந்தின் காவலோடு கட்டியை அகற்றலாம். பிற்காலத்தில் அகற்றாமலே மருந்தினாற் கரைத்தலும் கைகூடியது. ஆகவே, இது எவ்வகைக் கட்டி என்று முன்னரே அறிதல் இன்றியமையாததாயிற்று. நோயாளியின் அறிகுறியையும் எக்ஸ் கதிர்ப் படத்தையும் ஒப்புநோக்கிக் காசநோய்க் கட்டியை அறியும் வழியை இராமமூர்த்தி, வரதராசன் என்பவருடன் சேர்ந்து 1961இல் அமெரிக்க ஆராய்ச்சி இதழொன்றில் எழுதினார்.

நம் கைப்பழக்கத்திலிருந்து ஓர் உவமை கூறின் இது விளங்கும். இறப்பர் மரத்திற் பால் வெட்டுவோர் பட்டையை மட்டுமே சீவுதல் வேண்டும். அதன் உள்ளே உள்ள மாறிழையம் காயப்பட்டால் அவ்விடத்துப் பட்டை பின்னர்ச் செவ்வனே வளராது. அதனால் மரத்தின் வயதையும் பட்டையின் தடிப்பையும் அறிந்தே கத்தியை வைப்பர். மரத்தை அறியாத கை எவ்வளவு விரைவுடையதாயினும் தோட்டத்திற்குக் கேடு. அங்ஙனமே, கட்டியின் இயல்பை அறியாத கத்தி நோயாளிக்குக் கேடு.

வராதவர் கணக்கு

இரண்டாவது ஆராய்ச்சி இரத்தக்குழாய் பற்றியது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து, சிறு கொப்புளம் போற் புடைத்து நிற்பதுண்டு. இதனை நாடிப் புடைப்பு என்போம். பலருக்கு அது வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாது கிடக்கும். சிலருக்கு ஒருநாள் வெடிக்கும். வெடித்த கணத்தில், அதுகாறும் அறியாத கடுந்தலைவலி இடிபோல் வந்து தாக்கும், கழுத்து விறைக்கும், சிலர் நினைவிழந்து வீழ்வர். முதல் இருபத்துநான்கு மணி நேரத்தில் அது மீண்டும் வெடிக்கும் அபாயம் மிகுதி. 1937இல் டான்டி அப்புடைப்பின் கழுத்தைச் சிறு கௌவியால் இறுக்கி அடைத்தார். இன்று தொடை நாடி வழியே நுண்குழாய் செலுத்தி, மெல்லிய கம்பிச்சுருளால் அதனை உள்ளிருந்தே அடைக்கும் முறையும் உண்டு.

மேனாடுகளில் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. இந்தியாவிலோ குறைவாகத் தோன்றிற்று. இராமமூர்த்தி இதனை ஆராய்ந்து, இந்தியாவில் நாடிப் புடைப்புக் காணப்படும் அளவு பற்றி 1969இற் கட்டுரை வெளியிட்டார். மேனாட்டை நோக்க இங்கே அது அருகியே காணப்பட்டது என்பது அக்கணக்கின் முடிபு.

ஈண்டு மாணவர் ஒரு வினா எழுப்புதல் வேண்டும். காணப்படவில்லை என்பதும் இல்லை என்பதும் ஒன்றா? நாடிப் புடைப்பு வெடித்தவருட் பத்தில் ஒருவர்க்கு மேற்பட்டோர் மருத்துவமனையை அடையுமுன்பே இறக்கின்றனர். வீதியும் வண்டியும் குறைந்த நாட்டில் அத்தொகை இன்னும் மிகுமன்றோ? வயலில் வீழ்ந்து இறந்தவனை "மாரடைப்பு" என்றோ "காற்றுக் கருப்பு" என்றோ கூறி அடக்கம் செய்தால், அவன் எந்த மருத்துவக் கணக்கிலும் ஏறான். பிற்காலத்திற் படமெடுக்கும் கருவிகளும் போக்குவரத்தும் பெருகப் பெருக, இந்திய மருத்துவமனைகளிற் கண்டறியப்பட்ட நாடிப் புடைப்புகளும் பெருகின. முன்னர்க் கண்ட அருமையில் ஒரு பகுதியேனும் நோயாளர் வந்தடையாமையால் நேர்ந்தது என்பது இதனாற் புலனாகும். மருத்துவமனைக் கணக்கு என்பது வந்தவர் கணக்கே. நாட்டின் கணக்கு அன்று. அறிவியல் பயில்வார் மறவாது போற்றவேண்டிய பாடம் இது.

கணக்கைத் திருத்திய கணக்கு

பாடம் இத்துடன் முடியவில்லை. 1971இல் இங்கிலாந்தில் ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய கணினி எக்ஸ் கதிர்க் கருவி, மக்கள் வழக்கில் சி.ரி. ஸ்கேன் எனப்படுவது, மூளையைத் துண்டுதுண்டாகப் படத்திற் காட்டிற்று. இக்கருவி இந்தியாவிற்கு வந்தபின், வலிப்புக் கண்ட பலருடைய மூளையில் ஒற்றைச் சிறு கட்டி தோன்றுவதை மருத்துவர் கண்டனர். முன்னோர் கணக்கைப் பின்பற்றி, இதுவும் காசநோய்க் கட்டியே எனக் கருதி நெடுநாள் மருந்து கொடுத்தனர்.

வேலூர் மருத்துவர்கள் அவ்வாறு அமையவில்லை. அச்சிறு கட்டிகளை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினர். நோக்கியபோது, அவற்றுட் பல பன்றி நாடாப்புழுவின் குடம்பி தங்கி மடிந்த இடங்களே எனத் தெரிந்தது. 1989இல் இம்முடிபு இலண்டனின் லான்செற் இதழில் வெளிவந்தது. பெரும்பாலான அத்தகைய கட்டிகள் வலிப்பு மருந்தொன்றின் துணையோடு சில மாதங்களில் தாமே மறைந்தன. காசநோய் மருந்தும் வேண்டாவாயிற்று, கத்தியும் வேண்டாவாயிற்று. மேனாட்டு நூலைச் சென்னைக் கணக்குத் திருத்திற்று. அதனை வழியாகக் கொண்ட வழக்கத்தை வேலூர்க் கணக்குத் திருத்திற்று. மூத்தோரைத் திருத்துதல் அவரை இகழ்தலாகாது. அவர் காட்டிய முறையிலேயே ஒழுகுதலாம்.

இந்நோய் பற்றி ஒரு செய்தியை நம்மவர் தெளிதல் நன்று. பன்றி இறைச்சி உண்போர்க்கே இது வரும் என எண்ணுதல் தவறு. நாடாப்புழு உடைய ஒருவரின் மலத்தோடு வெளிவரும் முட்டை, கழுவாத கை வழியாகவோ கீரை வழியாகவோ பிறர் வயிற்றை அடைந்தால் மூளைவரை செல்லும். புலால் உண்ணாதாரும் இதற்கு விலக்கல்லர். மலசலகூடமும் சவர்க்காரமும் மூளையைக் காக்கும் கருவிகளே.

இராமமூர்த்தியின் பணியிலும் காலம் கழித்துவிட்ட பகுதி உண்டு. 1960களில் அவரும், வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி. எஸ். கனகா ஆகியோரும், நீளம், அகலம், ஆழம் என்னும் மூன்று அளவுகளால் மூளையின் ஆழத்திலுள்ள சிறுபுள்ளியைக் குறிபார்க்கும் முறையை வளர்த்தனர். கைந்நடுக்க நோயாளர் பலர்க்கு அது உதவிற்று. அம்முறையையே அடங்காத நடத்தை, போதைப் பழக்கம் ஆகியவற்றிற்கும் அவர்கள் கையாண்டனர். ஒருவனுடைய குணத்தைக் கத்தியால் மாற்றலாமா, அதற்கு அவன் உடன்பட்டானா என்னும் வினாக்கள் எழுந்து, மருத்துவ உலகம் அவ்வழியைப் பெரிதும் கைவிட்டது. பெரியோரின் வாழ்வைக் கற்பார் இதனையும் கற்றல் நேர்மையாகும்.

மேற்கூறிய நால்வருட் கனகா அம்மையார் (1932–2018) ஆசியாவின் முதற் பெண் மூளைச் சத்திர சிகிச்சையாளருள் ஒருவர். 1968இல் இத்துறையின் உயர் பட்டம் பெற்றவர். நம் பாடசாலைப் பெண்மக்கள் அறியவேண்டிய பெயர் அது.

1973இற் பத்மபூஷண் விருது பெற்ற இராமமூர்த்தி, 1987இல் உலக மூளைச் சத்திர சிகிச்சையாளர் கழகங்களின் கூட்டமைப்பிற்குத் தலைவரானார். அரசுப் பணி முடிந்த பின்னும் அடையாற்றிலுள்ள தன்னார்வ மருத்துவ சேவை நிலையத்தில் நரம்பியற் பிரிவை அமைத்துத் தொண்டாற்றினார். 2003ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நம் லயங்களில்

இக்கணக்கிற்கும் நமக்கும் உள்ள தொடர்பைக் கூறி முடிக்கின்றேன். இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலையொன்றில் யான் கற்பித்த நாளில், ஆறாம் வகுப்பிற் படித்த ஒரு சிறுமிக்கு வலக்கை இழுப்புக் காணத் தொடங்கிற்று. இழுப்பு வரும்போது அவள் பேச்சற்று ஒரே திசையை நோக்கி நிற்பாள். ஆற்றங்கரையிற் பேய் பிடித்ததென்று வீட்டார் பூசாரியிடம் கயிறு கட்டினர். ஓராண்டுக்கு மேல் பள்ளிக்கு அனுப்பவில்லை. வகுப்பேட்டில் அவள் பெயரை வெட்டியவன் யானே. வராதவளின் பெயரை வெட்டுதல் விதி. ஏன் வரவில்லை என்று அவள் லயத்திற்குச் சென்று கேட்டல் விதியில் இல்லாதிருந்தது. யானும் கேட்கவில்லை.

பின்னர்த் தோட்டத்துப் பிள்ளை பராமரிப்பு நிலையப் பெண்மணி ஒருவர் வற்புறுத்தி அவளை நகர மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். படம் எடுத்துக் காசநோய்க் கட்டி என்று கண்டு மருந்து கொடுத்தனர். ஓராண்டுக்கு மேல் மருந்து உண்டாள்; கட்டி கரைந்தது. மீண்டும் அவள் பள்ளிக்கு வந்த அன்று உடன்வந்த பாட்டியார், "பேய் ஓடிப்போச்சுங்க ஐயா" என்றார். யான் மறுத்துரைக்கவில்லை. அவளுடைய பெயரை ஏட்டில் மறுபடியும் எழுதினேன். சென்னை மருத்துவமனையில் முன்னாளில் எண்ணப்பட்ட அக்கட்டிகளின் கணக்கே, எங்கோ பிறந்த இச்சிறுமியைக் காத்தது என்பதை இராமமூர்த்தியின் வரலாற்றைப் படித்தபோதுதான் உணர்ந்தேன்.

ஆதலின், தோட்டப் பாடசாலைகளில் தொண்டாற்றும் பழைய மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சில கூற விரும்புகின்றேன். வலிப்பு வந்தவரை ஒருபுறமாகச் சரித்துப் படுக்க வைத்தல் வேண்டும். கையில் இரும்பைத் திணித்தலும், வாயிற் கரண்டியைச் செருகுதலும், இழுக்கும் கையை அமுக்கிப் பிடித்தலும் கூடா. ஐந்து நிமிடத்தில் இழுப்பு நில்லாவிடின் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். இடிபோலத் திடீரென வந்த தலைவலியை மழையில் நனைந்ததால் வந்ததென்று தைலம் பூசிக் காலம் போக்கலாகாது. காசநோய்க்கு அரசின் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாக மருந்து கிடைக்கின்றது. இடையில் நிறுத்தாது உண்டால் நோய் தீரும்.

இரத்தினபுரியிலிருந்து கொழும்பிற்கு ஏறத்தாழ 100 கிலோமீற்றர். மலைமேல் லயத்திலிருந்து பெருந்தெருவிற்கு இறங்கும் சில கிலோமீற்றரே பலர்க்கு அதனினும் நெடிய வழி. அவ்வழியில் ஒரு பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருபவர் மருத்துவர் அல்லர். ஆசிரியராகவோ அயல்வீட்டாராகவோ இருத்தல் கூடும். மருத்துவனின் ஏட்டில் வந்தவர் பெயரே ஏறும்; ஆசிரியனின் ஏட்டிலோ வராதவர் பெயரும் உண்டு. அவ்வேட்டில் "வரவில்லை" எனக் குறிக்கும் ஒவ்வொரு நாளும், ஏன் என்று கேட்போமாக.